பின் இருக்கை

உத்தண்டி சுங்கச்சாவடியில்
ஃபாஸ்டேக்கில் காசில்லை என்றது திரை.
நீ போட்டிருப்பாய் என்று நானும்
நான் போட்டிருப்பேன் என்று நீயும்
நின்றுகொண்டிருந்தோம்.
பின்னால் வெளியூர் வண்டிகள் அலறின.
இரட்டைக் கட்டணம் வாங்கிய பையன்
சிவப்புத் தொப்பி போட்டிருந்தான்.
தொப்பியின் பஞ்சு விளிம்பு
அவன் விபூதியைக் கொஞ்சம் கொஞ்சமாய்த்
தின்றுகொண்டிருந்தது.
"ஹாப்பி கிறிஸ்துமஸ் சார்."
நீ மட்டும் பதில் சொன்னாய்.

பெரம்பூர் வீட்டில் இந்நேரம்
கல்கல் பொரிந்துகொண்டிருக்கும்.
திருச்சியிலிருந்து பெரியம்மா இறங்கியிருப்பாள்.
அதிரசத் தட்டோடு
அந்தக் கேள்வியும் கூடத்துக்கு வரும்.
வருமுன் கிளம்பிவிட்டோம்,
குடிலில் வைக்கும் பாலனின் கை உடைந்துவிட்டது,
நல்ல பசை வாங்கி ஒட்டி எடுத்து வருகிறோம் என்று
ஒரு சாக்கு சொல்லி.
பஞ்சில் சுற்றிய குழந்தை இயேசு
டாஷ்போர்டு பெட்டிக்குள் கிடந்தார்.
இடது கை தனியாக,
உன் மாத்திரை அட்டைக்குப் பக்கத்தில்.

கானத்தூருக்கு அப்புறம்தான் கடல் தெரிந்தது.
சவுக்குக்கும் ரிசார்ட் சுவர்களுக்கும் நடுவே
துண்டு துண்டாக.
ஒவ்வொரு துண்டுக்கும் "அதோ" என்றாய்.
நான் ரோட்டைப் பார்த்தேன்.

கோவளம் கழிமுகத்தில் கயாக் விடும் ததேயு
எங்கள் இருவரையும் மேலும் கீழும் அளந்தான்.
"ரெண்டு பேர்ல யாரு வெயிட்டு?"
உன் பக்கம் திரும்பாமலிருக்க
நான் பட்ட பாடு!
"நான்தான்" என்றாய், செருப்பைக் கழற்றிக்கொண்டே.
"அப்ப அக்கா பின்னாடி.
பின்னாடி இருக்கவங்கதான் திருப்பணும்.
அண்ணன் சும்மா தள்ளினா போதும்."

ஏழு வருடமாய் ஸ்டியரிங் பிடித்த கை
சும்மா தள்ளியது.
துடுப்போடு துடுப்பு மோதியது.
"லெஃப்ட்" என்றேன். வலப்பக்கம் போனது.
"லெஃப்ட், செலின்!"
"அந்தப் பக்கம் வலை கட்டியிருக்கு இன்னாசி.
கொஞ்சம் வாயை மூடு."
மூடினேன்.

அலையாத்திச் செடிகளின் நிழல் வரை
ஒரு சத்தமும் இல்லை.
உன்னைப் பார்க்க முடியவில்லை.
என் பிடரியில் விழும் உப்புச் சொட்டுகள்தான் நீ.
எதிர்க்கரைக் குப்பத்தில் யாரோ
அணைக்க மறந்த காகித நட்சத்திரம்
பதினோரு மணி வெயிலில் எரிந்துகொண்டிருந்தது,
எரிகிறது என்றே தெரியாமல்.

அப்போதுதான் ஒரு மடவை
எகிறி என் மடியில் விழுந்தது.
நான் போட்ட கூச்சலில்
கொக்குகள் கிளம்பின. நீ சிரித்தாய்.
ஜூனில் அந்த ஸ்கேன் அறையிலிருந்து
வெளியே வந்த பிறகு
கேட்டிராத சிரிப்பு.
மீன் மறுபடி தண்ணீருக்குப் போனது.
சிரிப்பு அடங்க நேரமாயிற்று.
அடங்கியதும் சொன்னாய்:
"இனிமே ஊசி போட்டுக்க மாட்டேன்."

திரும்பப் பார்த்தேன். படகு ஆடியது.
"திரும்பாதே. கவுந்துடும்."
"சரி" என்றேன்
முன்னாலிருந்த தண்ணீரிடம்.
எந்தச் சரி என்று நீ கேட்கவில்லை.
அதன்பின் துடுப்புகள் மோதவில்லை என்று
சொல்ல ஆசைதான்.
மோதின. கரை சேரும்வரை மோதின.

திரும்பும்போது சாவியை நீ எடுத்துக்கொண்டாய்.
ஈர பேண்டுக்கடியில் துண்டை விரித்து
நான் பாலனை மடியில் வைத்தேன்.
ஒரு நிமிடம் அசையாமல் பிடிக்கவும் என்றது
பசை அட்டை.
முட்டுக்காடு பாலம் தாண்டியும்
பிடித்துக்கொண்டே இருந்தேன்.
உத்தண்டியில் திரை பச்சை காட்டியது.
எப்போது போட்டாய் என்று
நான் கேட்கவில்லை.

கை ஒட்டிவிட்டது.
என் கட்டைவிரலும் சேர்ந்து ஒட்டிவிட்டது.
நீலாங்கரை சிக்னலில் தூக்கிக் காட்டினேன்.
"இழுக்காதே, தோல் உரியும்.
வீட்ல வெந்நீர்ல வைக்கலாம்."
"பெரியம்மா கேட்டா?"
சிக்னல் விழுந்தது. கியர் மாற்றினாய்.
"விட மாட்டேங்குதுன்னு சொல்லு."