எடைக்கு வாங்கியது

கூத்தாநல்லூர் வீட்டைக் காலி செய்தபோது
பித்தளை அண்டாக்களுக்குப் பின்னால்
அதையும் தராசில் வைத்துவிட்டார் அபூதாகிர்.
மூன்றே முக்கால் கிலோ. நூற்றைம்பது ரூபாய்.
"சிங்கப்பூர்லயே அப்ப இதான் சல்லிசு, தூக்கிட்டுப் போம்மா."

ரிமோட் இல்லை.
திரையில் இடப்பக்கக் கோடுகள் செத்துவிட்டதால்
எட்டு எப்போதும் மூன்றாகத்தான் எரியும்.
மன்னார்குடி பஸ்ஸில் மடியில் வைத்திருந்தேன்.
பக்கத்து சீட்டுக்காரர் கேட்டார்:
ஸ்டெபிலைசரா?

திறந்தால் உள்ளே பல்லி முட்டை இரண்டு,
ஒன்று ஏற்கெனவே காலி.
லென்ஸில் இருபது வருஷத்து மங்கல்.
எனக்கு வேலை ரத்தப் பரிசோதனை நிலையத்தில்,
ஸ்பிரிட்டும் பஞ்சும் கைப்பையிலேயே கிடக்கும்.
நரம்பு தேடுகிற அதே விரலால்
மிளகளவுக் கண்ணாடியைத் துடைத்தேன்.
"எறும்பு கடிக்கிற மாதிரிதான் இருக்கும்" என்று
வாய் தானாகச் சொல்லிவிட்டது.

தட்டை இழுக்கும் பெல்ட் உருகிப் பிசினாகியிருந்தது.
ரிப்போர்ட் கட்டுகிற ரப்பர் பேண்டு
பதினோரு நாள் தாங்கியது.
பிறகு தண்ணீர் ஃபில்டரின் வளையம்.
இன்றுவரை அதுதான்.
மழை மாதத்தில் மட்டும்
தட்டு பாதியில் நின்று யோசிக்கும்,
நெற்றியில் ஒரு தட்டு தட்டினால் போய்விடும்.

வங்கி மேலாளர் வரதராஜுலு வீட்டில் புதுசு ஒன்று இறங்கியது.
ஒன்றேகால் லட்சம். ஆட்டுக்கல் கனம்.
ஒயருக்குத் தனிக் காசு.
"உன்னோடதைக் கொண்டா, வித்தியாசம் காட்டறேன்."

நான் எண் மட்டும் ஒட்டிய குழாய்களோடு பிழைப்பவள்.
இரண்டையும் துண்டு போட்டு மூடினேன்,
சத்தத்தைச் சமமாக்கினேன்.
ஒரே நாகஸ்வரக் கச்சேரி, இரண்டு வட்டு.
ஒன்பது முறை மாற்றி மாற்றி.
ஐந்து முறை என்னுடையதைத் தன்னுடையது என்றார்.
எண்ணிக்கொண்டிருந்தது அவர் மனைவி சுலோசனா,
காலண்டர் ஓரத்தில், பென்சிலால்.
அவர் முதலில் ஒயரைச் சந்தேகித்தார்,
அப்புறம் கரண்டை,
கடைசியில் சுலோசனாவின் கணக்கை.

நான் ஜெயித்ததாகவும் சொல்ல முடியாது.
கண்ணை மூடினால் எனக்கும் தெரியவில்லை.
வேறுபாடு காணப்படவில்லை.
கீழே கையெழுத்துப் போடலாம்.

திரும்பும்போது ஸ்கூட்டியில் கால் வைக்கும் இடத்தில்
அதை நிறுத்தி, இரண்டு கணுக்காலாலும் பிடித்துக்கொண்டேன்.

பகலெல்லாம் சென்ட்ரிஃபியூஜ் சுற்றுகிறது,
சுற்றியதும் ரத்தம் மேலே மஞ்சள், கீழே சிவப்பு.
ராத்திரி இது சுற்றுகிறது.
தவில்காரர் தொண்டையைச் செருமுவது,
சீவாளி நனைகிற சத்தம்,
மண்டபத்துக்கு வெளியே ரிவர்ஸ் எடுக்கும் லாரி,
நடுவில் கரகரப்ரியா,
எல்லாம் ஒரே குழாயில், பிரியாமல்.

ஐப்பசி. பாமணி ஆறு கரை தடவுகிறது.
கரண்ட் போகிறது.
இருட்டில் வட்டு இன்னும் கொஞ்சம் உரசிச் சுற்றி
நிற்பது கேட்கிறது.

பழைய ஞாபகத்துக்கு வெச்சிருக்கியா என்கிறார்கள்.
இதற்கு ஞாபகமே கிடையாது.
எட்டாவதில் இருந்தோம்,
மூன்று என்று சொல்லிக்கொண்டிருந்தது,
அதையும் மறந்துவிட்டது.

பதினொன்றே காலுக்குக் கரண்ட் வருகிறது.
வெறும் வயிற்றுக்காரர்கள்
காலை ஆறரைக்கே வாசலில் நிற்பார்கள், படுக்க வேண்டும்.
பொத்தானை அழுத்துகிறேன்.
ஒன்று
பிசகில்லாமல் எரிகிறது.