நெஞ்சுல ஒரு நிழல்

"நெஞ்சுல ஒரு நிழல் தெரியுது" என்றார் டாக்டர்.
முத்திருளாயி என்னைப் பார்த்தாள்.
எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.
அவளுக்கும் வந்திருக்கும்.

பத்தொன்பது வருடம்
வாலிநோக்கத்துக்கு வடக்கே உப்புப் பாத்தியில்
நாங்கள் தேடாத நிழலா.
மேலேயும் வெயில், கீழேயும் வெயில்.
தன்மேல் விழுவதையெல்லாம்
முகத்துக்கே திருப்பி எறியும் உப்பு.
கரைமேட்டில் ஒரே ஓர் உடைமரம்.
அதன் அடியில் கங்காணியின் பைக் நிற்கும்,
சீட்டு சூடாகிவிடக் கூடாதென்று.

உச்சியில்
எங்கள் நிழல் எங்கள் காலுக்குள் நுழைந்துகொள்ளும்.
அதையே மிதித்துக்கொண்டு
வாருபலகையை இழுப்போம்.

பனை நிழலும் நிழலா என்று ஊரில் கேட்பார்கள்.
நிழல்தான் என்பாள் இவள்.
"கோடு மாதிரி நில்லு,
அது நகர நகர நீயும் நகரு,
மணி பாக்குற வேலையும் மிச்சம்."

மகள் சடங்குக்கு முதலாளியிடம்
முன்பணம் வாங்கிவந்த நாள்.
"என் நிழல்ல இருக்குறவரைக்கும்
உனக்கென்னம்மா கவலை" என்றாராம்.
அன்று சாயங்காலம் அவள் புருஷன் சந்தியாகு
கடலுக்குக் குழை கட்டிக்கொண்டிருந்தான்:
கொழுஞ்சி, சவுக்குக் கிளை,
அடியில் மணல் மூட்டை.
இறக்கிவிட்டால் தண்ணீருக்குள்
கருகருவென்று ஒரு நிழல் நிற்கும்.
நம்பிக் கணவாய் வரும், முட்டை வைக்கும்.
தூண்டில் அங்கேயேதான் தொங்கும்.
அவள் கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொடுத்தாள்.
பணத்தைப் பற்றி
ஒன்றும் சொல்லவில்லை.

"காசமா இருக்கலாம், வேற எதாவும் இருக்கலாம்,
சளி குடுத்துட்டுப் போங்க, திங்கக்கிழமை வாங்க."
மாத்திரை கொடுத்த பெண் சொன்னாள்:
"நிழலான எடத்துல வைங்க, சூடு படக்கூடாது."
"தகரக் கொட்டாய்ம்மா."
"ஃப்ரிட்ஜ் இருக்கா?"
பின்னால் நின்றவர் நகரச் சொன்னார்.

ராமநாதபுரத்திலிருந்து சிக்கல் வரை ஒரு பஸ்.
அடுத்ததற்குக் காத்திருந்தோம்,
பயணியர் நிழற்குடையில்.
கூரைத் தகடு போன வருடக் காற்றோடு போய்விட்டது.
கட்டிக்கொடுத்தவர் பெயர்ப்பலகை மட்டும் அசையவில்லை.
பலகையின் நிழல் பின்பக்கம்
கருவேலம் புதரோரம் விழுந்திருந்தது.
அதில் இரண்டு நாய்கள், ஓர் ஆடு.
ஆட்டை எழுப்ப எங்களுக்கு மனசில்லை.

முத்திருளாயி உறையிலிருந்து படத்தை உருவி
சூரியனுக்கு நேரே பிடித்தாள்.
"இதுல எதுடி நிழலு?"
படம் எடுத்த பையன் எனக்குச் சொல்லியிருந்தான்:
கறுப்பாகத் தெரிவது காற்று.
வெள்ளையாக இருப்பதைத்தான்
நிழல் என்பார்கள்.
காட்டினேன்.
வலது பக்கம், மேலே,
ஒரு கைப்பிடி.

"உப்பு மாதிரில்ல இருக்கு" என்றாள்.
வெகுநேரம் பார்த்தாள்.
பிறகு படத்தை அப்படியே தலைக்கு மேல் சாய்த்து
"கிட்ட வா" என்றாள்.

இரண்டு பேருக்குப் போதாத படம்.
ஒண்டிக்கொண்டோம்.
அவள் விலா எலும்புகள் கோடு கோடாய்
வெளிச்சமாக என் தோளில் விழுந்தன.
அந்த வெள்ளைத் திட்டு
வெயிலை மறைக்கவேயில்லை.
என் காறை எலும்புக்கு மேல்
அந்த இடத்தில் மட்டும் சுட்டது.

பஸ் வரும் திசையைப் பார்த்தபடி
நான் நகராமல் நின்றேன்.