பதினேழாம் வரி

தண்டையார்பேட்டை. ஜெராக்ஸ் கடைக்கு மேலே என் அறை.
கண்டெய்னர் லாரி ரிவர்ஸ் எடுக்கும்போதெல்லாம்
மானிட்டரில் எண்கள் நடுங்கும்.

காசிமேட்டிலிருந்து பிலவேந்திரன் வந்திருந்தார்,
கூட அவர் மனைவி ரெஜினா.
ஈரம் பட்ட கொட்டேஷன்: கோயம்புத்தூர் மிஷின்,
நாளுக்குப் பத்து டன் குழாய் ஐஸ்,
முப்பத்தெட்டு லட்சம்.
"பேங்க்காரன் ஒத்துக்கிற மாதிரி ஒரு ரிப்போர்ட்டு போடுங்க மேடம்."

போட்டேன்.
வருஷத்துக்குக் கையில் நிற்பது பதினொன்று நாற்பது.
மூன்று வருஷம் நாலு மாதத்தில் போட்ட முதல் திரும்பும்.
அவர் அங்கேயே எழுந்துவிட்டார்.
இருங்க, அது பாதிக் கணக்கு.
ஐந்தாம் வருஷத்து ரூபாயை
இன்றைய ரூபாய் என்று எண்ணக்கூடாது.

எப்படிச் சொல்வதென்று நான் யோசிக்க, அவரே சொன்னார்:
"ஐம்பது கிலோ பார் பிளான்ட்ல ஏத்துவோம்.
போட்டாண்ட போறதுக்குள்ள நாப்பத்திரண்டு.
கேட்டுல வண்டி நின்னுச்சின்னா நாப்பது."
அதேதான் அண்ணா.
பன்னிரண்டு சதவீதம் என்பது
வெயிலுக்கு பேங்க் வைத்த பேர்.
கரைந்தது போக
மூன்று லட்சத்து ஒன்பதாயிரம் மிச்சம்.

அப்புறம் நாள் கணக்கு.
மீன்பிடித் தடை அறுபத்தொரு நாள்.
படகெல்லாம் கரையேறிக் கிடக்கும்,
பிளான்ட்டை நிறுத்தினாலும் ஒருத்தரும் திட்டமாட்டார்கள்.
வேலை முழுதும் அந்தச் சந்துக்குள் நுழைந்து வெளியே வரவேண்டும்.
தரை உடைக்க நாலு, கான்கிரீட் ஆறு,
தண்ணி விட்டு இறுக வைக்க இருபத்தொன்று,
அமோனியா பைப் ஒன்பது, ஓட்டிப் பார்க்க ஐந்து.
நாற்பத்தைந்து. பதினாறு நாள் உபரி என்று
விரல் மடக்கியவர்
ஈ.பி.யை மறந்துவிட்டார்.

கூடுதல் லோடு, புது டிரான்ஸ்ஃபார்மர்:
டெபாசிட் கட்டிய நாளிலிருந்து நாற்பத்தைந்து.
கரண்ட் வந்த பிறகுதானே ஓட்டிப் பார்ப்பது?
ஐம்பது. மிச்சம் பதினொன்று.
ஒரு இன்ஜினீயருக்கு மாற்றல் வந்தால் அதுவும் போச்சு.
கொத்தனாரை விரட்டி ஒன்றும் ஆகாது,
கயிறு வேறிடத்தில் கட்டியிருக்கிறது.

செலவு வரிகளை நிரப்பும்போதுதான் கேட்டேன்:
ராத்திரி ரெண்டு மணிக்கு லோடு எண்ணி விடுவது யார்?
"ரெஜினாதான்."
சம்பளம்?
சிரித்தார். "அது நம்ம ஊட்டு ஆளு மேடம்."
வெளியாள் என்ன கேட்பான்?
"பதினைஞ்சு கேப்பான், மாசத்துக்கு. அப்பவும் தூங்குவான்."

பதினேழாம் வரியில் பதினைந்தாயிரம் அடித்தேன்.
அடியில் எண் சிவந்தது:
மைனஸ் மூன்று லட்சத்து நாற்பதாயிரம்.

அதுவரை வாய் திறக்காத ரெஜினா
கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் வந்தார்.
ஐஸும் டீசலும் கலந்த வாசனை.
"அப்ப பதினோரு வருசமா
இந்தக் கம்பெனிக்கு நான்தான் கடன் குடுத்துனு இருக்கேன்.
வட்டி எத்தினி போட்டீங்க?"

நான் வட்டி போடவில்லை.

அவர் பதிலுக்குக் காத்திருக்கவும் இல்லை.
"ஈ.பி. ஆபீஸ்ல எத்தினி மணி வரைக்கும் துட்டு வாங்குவாங்க?"
மூன்று.
சீட்டு எடுத்த பணம் கைப்பையில் இருந்தது.
"பத்து டன்னோ ஆறு டன்னோ, நீங்க பேசி முடிங்க.
எதுவா இருந்தாலும் கரண்ட்டு வேணும்.
டெபாசிட்ட கட்டிட்டு வரேன்.
இதையும் அந்த வரியிலயே எழுதிக்குங்க."

ஸ்கூட்டர் கிளம்பும் சத்தம் கேட்கும்வரை
பிலவேந்திரன் கொட்டேஷனை மடித்துக்கொண்டே இருந்தார்.
பிறகு குரலைத் தாழ்த்தி,
"மேடம், அந்த ஒரு வரிய மட்டும்
மறைச்சி வெக்க முடியுமா?"

முடியும். ஒரு சொடுக்கு.
பதினாறுக்கு அடுத்து பதினெட்டு வரும்,
பேங்க்கில் யாரும் கவனிக்கப் போவதில்லை.
ஆனால் கூட்டல்
மறைத்ததையும் சேர்த்துத்தான் கூட்டும் அண்ணா.