அரைக்கிலோ கவலை

ஓசூரிலிருந்து குட்டியானையில் வந்தோம்.
முன்னால் டிரைவர், நான்,
மடியில் மூடிய கூடைக்குள் இரண்டு பூனைகள்.
பின்னால் பீரோவுக்கும் மெத்தைக்கும் நடுவே
மூன்று காலில் நின்றபடியே சுக்கு.
வழியெல்லாம் குரைக்கவில்லை.
பண்ருட்டியில் பலாப்பழ வாசனைக்கு
ஒரே ஒரு தும்மல்.

அங்கே கெலவரப்பள்ளியில்
சோப்பு நுரையாய்ப் பொங்கிக்கொண்டிருந்த பெண்ணையாறு
இங்கே கடலூரில்
மணலோடு மணலாய்ப் பதுங்கிக் கடலுக்குப் போகிறது.
ஊர் மாறியதில் அதுவும் இளைத்திருந்தது.

கூத்தப்பாக்கத்தில் மாடி போர்ஷன்.
சபாநாயகம் சார் பத்திரப்பதிவில் இருந்து ஓய்வு பெற்றவர்.
முத்திரை குத்துவதுபோலத்தான் கேள்வி கேட்பார்.
சைவம்தானே?
ஆமாம்.
அந்த ஒரு ஆமாமிலேயே
என் நெற்றிக்குத் திருநீறு பூசி
நம்மாளு என்று முடிவுகட்டி
சாவியை நீட்டிவிட்டார்.
என் அப்பா கறிக்கடையில் தராசு பிடித்தவர்.
அதைக் கேட்பதற்கு
ஒப்பந்தத்தில் கட்டம் இல்லை.

இதுங்களும் சைவமா என்று சிரித்தார்.
நானும் சிரித்தேன்.
கல்யாணம்?
பார்த்துக்கிட்டு இருக்காங்க சார்.
யார், யாரை என்பதற்கும் கட்டம் இல்லை.

காலை ஆறு மணிக்கு முதுநகர்.
அரைக்கிலோ கவலை என்றேன்.
வூட்ல எத்தினி பேரு என்றாள் அஞ்சாலாட்சி.
மூணு பேர்.
ரெண்டு பூனை, ஒரு நாய்.
அப்ப நீ?
நான் சாப்பிடறதில்ல.
கத்தியை நிறுத்திவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.
"கவலையக் காசு குடுத்து வாங்கி
பூனைக்குப் போடற மொத ஆளு நீதான்யா."
எடைக்கு மேலே ஒரு கைப்பிடி அள்ளிப் போட்டாள்.

ஜன்னலை அடைத்து, விசிறியை அணைத்து,
மூக்கைத் தோளில் புதைத்துக்கொண்டு வேகவைப்பேன்.
மஞ்சள் கொஞ்சம். உப்பு கிடையாது.
பிறகு அதே அடுப்பைத் துடைத்துவிட்டு
எனக்கு ஒரு ரசம்.

இரவில் போனைத் திறந்தால்
இருபது கிலோமீட்டருக்குள் பதினோரு பேர்.
ஒன்பது பேருக்குத் தலை இல்லை:
ஒரு புல்லட், ஒரு தென்னை,
தேவனாம்பட்டினத்து அலை ஒன்று,
கழுத்தோடு வெட்டிய சட்டைகள்.
நான் சுக்குவின் காதைப் போட்டிருந்தேன்.
நாலு கிலோமீட்டர் தூரத்திலிருந்து
இன்னொரு கால் எங்கே என்று கேட்டான் ஒருவன்.
லாரி என்று எழுதினேன்.
கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை.
பிறகு, சாப்பிட்டாளா?

இருதயநாதன், ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவன்.
ஞாயிற்றுக்கிழமை வந்தான்.
படியிலேயே மூக்கைச் சுளித்தான்:
சைவம்னு போட்டிருந்தியே!
நாய் என்றால் பயம் என்பதைச் சொல்லாமலே வந்திருக்கிறான்.
இரண்டு காலையும் நாற்காலி மேல் மடக்கிவைத்து
பூசைக்கு உட்கார்ந்தவன் மாதிரி
முக்கால் மணி நேரம்.
சுக்கு கீழே படுத்து
அவன் செருப்பைப் பாதுகாத்தாள்.
நாங்கள் மழையைப் பற்றிப் பேசினோம்,
சிப்காட் பக்கக் காற்றைப் பற்றி,
வாடகையைப் பற்றி.
கிளம்பும்போது ஒரு காலை மட்டும் இறக்கினான்.
அவள் நக்கினாள்.
அவன் கத்தவில்லை.
என் முழங்கையை மட்டும் பிடித்துக்கொண்டான்,
வேண்டியதற்கும் கொஞ்சம் அதிக நேரம்.

வாசல் கேட்டில் சபாநாயகம் சார்.
யாரு, மாட்டாஸ்பத்திரி ஆளா?
நல்ல பதிலாகத்தான் எடுத்துக் கொடுத்தார்.
ஆமாம் என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது.
இல்ல சார்.
என்னைப் பாக்க வந்தவரு.

அவர் என் முகத்தைப் பார்த்தார்.
தெருமுனையில் ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தவனைப் பார்த்தார்.
அண்ணாந்து மாடியைப் பார்த்தார்.
"டேங்க் நெறஞ்சு வழியுது பாருங்க.
மோட்டார நிறுத்துங்க மொதல்ல."

இரண்டிரண்டு படியாய் ஓடினேன்.
மொட்டைமாடி முழுக்கத் தண்ணீர்.
தொட்டி மூடி மேல் நனையாமல் உட்கார்ந்து
பூனைகள் இரண்டும்
என் வாயையே பார்த்தன,
நாளைக்கு என்ன மீன் என்பதுபோல.