ஆளரவம் இல்லாத கோயில்

தகூ மாதம். ஐராவதியில் மணல்திட்டுகள் முளைக்கும் காலம்.
பகானில் அன்று சந்தை நாள்.
கோயில் வாசலில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று
என்னால் எண்ணிச் சொல்ல முடியும்,
பாதிப் பேர் எனக்குக் கடன்காரர்கள்.

ஊறவைத்த தேயிலை விற்கிறேன்.
என் கூடைக்கு எதிரே மூன்று கால் நட்டு
அதன்மேல் பெட்டியை ஏற்றினான் கேப்டன் ஹாலோவே.
தீவனப் பைக்குள் குதிரை தலையை விடுவது போல
கறுப்புத் துணிக்குள் தலையை விட்டான்.

"அசையாதீர்கள்!"
ரங்கூனிலிருந்து கூட்டிவந்த மொழிபெயர்ப்பாளன் கத்தினான்.
எவ்வளவு நேரம்?
"ஒரு பானை சோறு வேகும் நேரம்."
சிரித்தோம்.
சிரிப்பும் அசைவுதான் என்று யாருக்குத் தெரியும்.

மா ஹ்னின் யூ பனைவெல்லம் நிறுத்தாள்.
தராசு ஏறியது, இறங்கியது.
எருமைகள் ஈ ஓட்டின.
இரண்டு இளம் பிக்குகள் வெயில் சுட்ட கல்லில்
கால் மாற்றி மாற்றி ஓடினார்கள்.
நான் குடைக்கடியில் உட்கார்ந்து
எள்ளு கிள்ளிப் போட்டு, பொட்டலம் கட்டி,
மீதிக்குச் சண்டை போட்டு,
என் பிழைப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பும் வழியில் படகை நிறுத்தி
காகிதத்தைக் காட்டினான்.
வெந்த தேயிலை நிறம்.

கோயில் இருந்தது. ஒவ்வொரு செங்கல்லும் இருந்தது,
கோபுரத்தில் நிலநடுக்கம் போட்ட விரிசல்கூட.
சந்தை இல்லை.
தராசு இல்லை, எருமை இருந்த இடத்தில் கொஞ்சம் மூடுபனி.
நாய் இருந்தது, வால் இல்லை.
என் குடை இருந்தது.
குடைக்கடியில் என்னை ஊடுருவி
பின்சுவர் தெரிந்தது.

வானத்தில் மேகம்.
"அன்று மேகமே இல்லையே?"
தூரிகையால் தீட்டினானாம். வெறும் வானம் அழகில்லையாம்.
அந்தக் கோடை முழுக்க
எங்கள் ஊருக்கு வந்த மேகம் அது ஒன்றுதான்.

ஒரே ஒருவன் மட்டும் துல்லியமாக விழுந்திருந்தான்.
மூன்றாம் படியில், வாய் பிளந்து,
தாடை மச்சம் உட்பட:
கோ பௌ ஸீ.
விடியலில் கள் குடித்துச் சாய்ந்தவன்
அந்திவரை புரளவில்லை.

அடியில் ஏதோ எழுதியிருந்தது.
மொழிபெயர்ப்பாளன் தயங்கித் தயங்கிப் படித்தான்:
"கைவிடப்பட்ட கோயில். ஆளரவம் இல்லை.
படியில் கிடக்கும் உருவம், அளவு காட்டுவதற்கு."

யார் கைவிட்டது என்று கேட்டேன்.
அவன் அதைக் கேப்டனிடம் சொன்னானா தெரியாது.
கேப்டன் குனிந்து வணங்கி
இரண்டு பொட்டலம் வாங்கிக்கொண்டான்.
மறுக்காமல் காசு கொடுத்தான், அதையும் சொல்ல வேண்டும்.

படகு போய்விட்டது. படமும் போய்விட்டது.
தொல்லை மட்டும் இங்கே தங்கிவிட்டது.

கோ பௌ ஸீ எனக்கு ஏழு பொட்டலம் பாக்கி.
கேட்கப் போனால்
அதே மூன்றாம் படியில் நிமிர்ந்து உட்கார்கிறான்.
"வெள்ளைக்காரன் காகிதத்தைப் பார்த்தாய்தானே,
இந்த ஊரில் இருப்பவன் நான் ஒருத்தன்.
இல்லாதவளுக்கு
நான் எப்படிக் கடன்பட முடியும்?"