நாற்பது எண்ணும் வரை

பெர்கனில் மழை நிற்பதில்லை.
வெளிச்சம் அங்கே சந்தைக்கு வராத சரக்கு.
செவெரினே ஹௌக்லிட்
புருஷன் விட்டுப்போன கயிற்றுக் கிடங்கின்
கூரையைப் பிரித்துக் கண்ணாடி வேய்ந்தாள்.
தார் வாசம் போகவில்லை.
அதன்மேல் ஈத்தர் வாசம் ஏறிக்கொண்டது.

மீன் துறையில்தான் என்னைப் பிடித்தாள்.
"உன் கழுத்து வேண்டும்" என்றாள்.
ஹெர்ரிங் வயிற்றைக் கீறிக்கொண்டிருந்த நான்
கத்தியோடு நிமிர்ந்தேன்.
அசரவில்லை. "ஒரு குரோனர்" என்றாள்.
கழுத்துக்கு நல்ல விலைதான்.

வெள்ளைத் துணியைச் சுற்றிவிட்டாள்.
கல்லறை வாசலில் நிற்கும் தேவதூதராம் நான்.
கல்லறை, இரண்டு உப்புப் பெட்டி.
பின்னந்தலையில் இரும்புக் கவ்வி.
"நாற்பது எண்ணும் வரை
மூச்சை மட்டும் விடு. அதையும் மெதுவாக."

ஈரம் காயுமுன் தகட்டை
இருட்டறையிலிருந்து ஏந்தி வருவாள்,
தளும்பத் தளும்பப் பால் சுமப்பவள் நடையில்.
வெள்ளி உப்பு தின்று கறுத்த விரல்கள் அவளுக்கு.
எனக்குச் செதில்.
மூடி திறந்தது.

பதினேழில் ஒரு ஈ.
எத்தனை சவர்க்காரம் போட்டாலும்
ஈக்குத் தெரியும் நான் யாரென்று.
மூக்கில் உட்கார்ந்தது.
இருபத்திரண்டு வரை தேவதூதராக இருந்தேன்.
இருபத்தாறில் கை தானாக எழுந்தது.

வைவாள் என்று காத்திருந்தேன்.
மஞ்சள் விளக்கடியில் தகட்டைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள்.
பேச்சில்லை.
ஒரு குரோனர் தந்தாள். அப்புறம் இன்னொன்று.

ஊர்ப் படக்காரர் ஓல்பியோர்ன் சொன்னார்:
"எல்லாம் மங்கல். ஒரு பொத்தான்கூடத் தெரியவில்லை."
"பொத்தான் எண்ணத் தையற்காரனிடம் போங்கள்."

கோபன்ஹேகன் பதக்கம் அனுப்பியது.
தோளிலிருந்து விரியும் அந்தப் புகைச்சிறகை
ரசாயனமா தூரிகையா என்று
பத்திரிகையில் சண்டை போட்டார்களாம்.
அவள் சொல்லவில்லை.
என்னை யாரும் கேட்கவில்லை.

பதினோரு வருஷம். முந்நூறு தகடு.
விற்றது ஒன்பது.
போன மார்கழியில் நெஞ்சுச்சளியில் போய்விட்டாள்;
கடன்காரர்கள் கண்ணாடியை எடைபோட்டு விற்றார்கள்.

இன்று ஃபானாவில் ஒரு தோட்டக்காரனிடம் போனேன்.
செடிகளுக்குக் கண்ணாடி வீடு கட்டியிருக்கிறான்.
அண்ணாந்தால், மூன்றாம் வரிசையில்
தலைகீழாக நான்.
முகம் கறுப்பு, துணி கறுப்பு,
சிறகும் கறுப்பு.
வெயிலில் பாதி உரிந்திருந்தது.
அந்த அளவு நிழல் கீழே ஒரு கொடியின்மேல்.
அங்கே மட்டும் காய்ப்பு குறைவு என்று
குறைபட்டுக்கொண்டான்.

வெள்ளரிக்காய் என்ன விலை என்று கேட்டேன்.