பும்மா

ஞாயிறு பின்னேரம் டச்பே மணலில் இருந்தது.
ஐஸ்பழம் முழங்கை வரை வழிந்தபோது இருந்தது.
மானொன்று எங்கள் கச்சான் பையை
இழுத்துக்கொண்டு போனபோதும்
ஆரூரனின் கக்கத்துக்குள் இருந்தது.
அன்புவழிபுரத்தில் ஆட்டோ நிற்க
நித்திரையான பிள்ளையை நான் தூக்கினேன்,
ஈர உடுப்புப் பையைத் தர்சினி தூக்கினாள்.
அதைத் தூக்க ஒரு கை குறைந்தது.

விடிய ஐந்து மணிக்கு
வீட்டுக்கே தெரியவந்தது.

"பும்மா?"
கட்டிலுக்குக் கீழே பார்த்தான்.
சோற்றுப் பானையைத் திறந்து பார்த்தான்.
என் சேர்ட் பொக்கற்றுக்குள் கைவிட்டுப் பார்த்தான்.
பிறகு வாயைத் திறந்தான்.
பக்கத்து வளவு நாய்
குரைப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டது.

வாட்ஸ்அப்பில் போடப் படம் தேடினோம்.
இரண்டு வருடம், நாலாயிரம் படம்,
ஒன்றிலும் பும்மா முழுதாக இல்லை.
ஒன்றில் ஒரு காது, அதுவும் பிள்ளையின் வாய்க்குள்.
ஒன்றில் வால்.
பிறந்தநாள் கேக்குக்குப் பின்னால்
ஒற்றைத் தையல் கண்.

எழுத்திலே போடுவம் என்றேன்.
'காணவில்லை' என்று தொடங்க
தர்சினி என் விரலைப் பிடித்தாள்.
அந்தச் சொல் வேண்டாம்.
அதைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நிற்கிறவர்கள்
இந்த ஊரில் இருக்கிறார்கள்.
அழித்துவிட்டு
'மறந்துபோய் விட்டுவிட்டோம்' என்று எழுதினேன்.
துணியாலான ஒரு...
ஒரு என்ன?

நாய், என்றேன்.
மாடு, கொம்பு இருக்கே, என்றாள்.
கொம்பில்லையடி, அது பிய்ந்த காது.
உப்புவெளியிலிருந்து மச்சான் போனில் கரடி என்றான்.
வாங்கித் தந்ததே அவன்தான்.
நிறம்?
வரும்போது மஞ்சள். பிறகு பருப்பு. பிறகு மண்.
பிறகு பேர் வைக்காத ஒன்று.

திங்கள் பஸ் நிலையம்.
செவ்வாய் கச்சான்காரி, ஐஸ்பழக்காரன், கடல்.
கோட்டை வாசலில் ஒரு மான்
துணிபோல எதையோ மென்றுகொண்டு நின்றது,
ஓடினேன்.
லொத்தர் சீட்டு.

எந்தெந்தக் குழுவுக்குள்ளால் போனதோ செய்தி,
புதன்கிழமை கிண்ணியாவிலிருந்து நஸ்றுள்ளா எடுத்தார்.
"தம்பி, நம்மட ஆட்டோ சீட்டுக்குக் கீழ
ஒரு குரங்கு கிடக்கு. உங்கடயா?"

பாலம் கடந்து தானே கொண்டுவந்தார்.
மனைவி அதைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி,
இரண்டு வெயில் காயவைத்து,
கழன்ற கண்ணுக்குப் பச்சை நூலில்
புதுக்கண் தைத்திருந்தார்.
மஞ்சள் என்றால் அப்படியொரு மஞ்சள்.

ஆரூரன் இரண்டு கையாலும் வாங்கினான்.
மூக்கை வைத்தான்.
எடுத்தான்.
கீழே போட்டான்.
"பும்மா இல்ல."

நஸ்றுள்ளாவின் முகம் சுருங்கிப்போனது.
"கழுவினது பிழையாப் போச்சோ?"
இல்லையென்றோம், தேத்தண்ணி கொடுத்தோம்,
அவர் பாதியில் வைத்துவிட்டுப் போனார்.

அன்று முழுக்க அதற்கு முதுகு காட்டி இருந்தான்.
இரவு, யாரும் பார்க்கவில்லையென்று நினைத்து,
பருப்புச்சோறு ஒரு விரல் எடுத்து
அதன் வாய் இருக்கவேண்டிய இடத்தில் பூசினான்.

காலையில் வாலில் பிடித்து
முற்றம் முழுக்க இழுத்தான்.
கிணற்றடிச் சேற்றில் ஒருதரம் இருத்தினான்.
காதைக் கடித்தான். மணந்தான்.
யோசித்தான்.

"கொஞ்சம் பும்மா" என்று
எங்களுக்குச் சொல்லிவிட்டு
மிச்சத்துக்காக
மறுபடியும் சேற்றுக்குள் போனான்.